ஓமுக்கு ஒரு பொத்தான், இல்லைக்கு ஒரு பொத்தான்

எங்கள் வீட்டு முன்னறைக்கு ரீச்சர் குடிவந்தபோது அப்பா விழுந்து பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. அந்தப் பதினொரு மாதங்களில் நான் நெடுந்தீவைவிட்டு ஒரே ஒரு தடவைதான் வெளியே போயிருந்தேன். அதுவும் அப்பாவைப் படகில் ஏற்றிப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுவதற்காக. மற்றபடி அவருடைய கட்டில், சமைக்கிற குசினி, கிணற்றடி, மாட்டுக்கொட்டில் என்ற நாலு இடங்களுக்குள் என் நாள் முடிந்துவிடும். கிணற்றடியில் நின்று நாலு வாளி தண்ணீர் வார்ப்பதற்குள் இரண்டு தடவை ஈரத்தோடு ஓடிவந்து எட்டிப் பார்ப்பேன். அவரால் கூப்பிட முடியாது.

அப்பா மாடு வளர்த்தவர். வெட்டையில் மேயும் மாடுகளை வீட்டு வாசலில் நின்றபடியே குரல் கொடுத்துத் திருப்பிவிடுவார். பாரிசவாதம் அந்தக் குரலையும், இரண்டு கால்களையும், வலது கையையும் ஒரே காலையில் எடுத்துக்கொண்டது. இடது கையில் பெருவிரலும் நடுவிரலும் மட்டும் கொஞ்சம் அசையும். "அவருக்கு எல்லாம் விளங்கும், மூளை தெளிவாய்த்தான் இருக்கு" என்று டாக்குத்தர் சொன்னார். அதைக் கேட்டபோது ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய கொடுமை என்று தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தால் ஓம், அதாவது ஆமாம், என்று வைத்துக்கொள்வோம் என்று பழக்கிப் பார்த்தேன். அவருடைய இமைகள் தாமாகவே மூடித் திறந்துகொண்டிருந்ததால், எது பதில், எது வெறும் இமைப்பு என்று பிரிக்க முடியவில்லை. சில நாட்களில் நானும் விட்டுவிட்டேன், அவரும் விட்டுவிட்டார்.

அம்மா முன்பே காலமாகிவிட்டார். அண்ணை பட்டினத்தில் கந்தோர் உத்தியோகம், மனைவி, பிள்ளைகள். நான் முப்பத்தாறு வயது, கலியாணம் ஆகாமல் வீட்டோடு இருந்தவள். அதனால் அப்பாவை யார் பார்ப்பது என்ற கேள்வியை யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

ரீச்சர் என்னைவிட எட்டு வயது இளைய பெண். வடமராட்சிப் பக்கம் ஊர். எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்க நியமனம் கிடைத்து வந்திருந்தார். வந்த அன்றே அறைச் சுவரில் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டு, கழிகிற ஒவ்வொரு நாளையும் பேனையால் வெட்டத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைகளில் படகு ஓடினால் வீட்டுக்குப் போவார். காற்று எழும்பிப் படகு நின்றுவிட்டால் குசினி வாசலில் வந்து குந்திக்கொள்வார்.

"அக்கா, நான் என்ன குற்றம் செய்து இஞ்சை வந்தனான்?"

"நான் செய்ததிலை பாதி செய்திருப்பீர்" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். அதைப் பெரிய பகிடி என்று சொல்ல ஏலாது.

அவருடைய அலுமாரியின்மேல் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி இருந்தது. கல்வித் திணைக்களத்தில் ஒருநாள் பயிற்சிக்குக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர் அதைத் திறக்கவே இல்லை.

"ஏன் திறக்கேல்லை?" என்று கேட்டேன்.

"எனக்கே விளங்கேல்லை அக்கா. அவை கெதியாய்ச் சொல்லிக்கொண்டு போச்சினம். நான் தலையாட்டிக்கொண்டு இருந்தனான். இப்ப திறந்தால் ஒண்டும் தெரியாதெண்டு பிடிபட்டுப்போவன்."

"என்னட்டைத்தானே பிடிபடப்போறீர். கொண்டுவாரும், பாப்பம்."

நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவள். பல்கலைக்கழகத்துக்குப் போதாத புள்ளிகளோடு வீடு திரும்பி, அதன்பிறகு கணக்கு என்று எதையும் தொட்டதில்லை. அன்று பின்னேரம் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் பெட்டியைக் கவிழ்த்தோம். தீப்பெட்டிகள் இரண்டை அருகருகே வைத்த அளவில் ஒரு நீலப் பலகை, துளைகள் நிறைந்த ஒரு வெள்ளைப் பலகை, கலர் கலராக வயர்கள், அரிசிமணியைவிடச் சற்றே பெரிய விளக்குகள். நீலப் பலகையின் நடுவில் இருந்த கறுப்புச் சில்லுத்தான் மைக்ரோகொன்ட்ரோலர். அது ஒரு சின்னக் கணினி. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. மடிக்கணினியில் எழுதி அனுப்பிவிட்ட ஒரே வேலையை, மின்சாரம் இருக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். ரீச்சர் இதை வாசித்துச் சொன்னபோது, "என்னைப் போலை" என்றேன்.

என் போனுக்குச் சிக்னல் எடுக்கும் இடம் கட்டிலின் தலைமாட்டு யன்னல் ஒன்றுதான். அதில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ பார்த்தோம். முதல் பாடம் விளக்கை மின்னவைப்பது. மின்னவில்லை. விளக்கின் இரண்டு கால்களில் நீளமானது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் பிழைவிட்டிருந்தோம். அதைத் திருத்தினால், எழுதிய புரோகிராமில் ஒரு அரைப்புள்ளி விடுபட்டதென்று திரை சிவப்பாகச் சத்தம் போட்டது. மூன்றாம் நாள் விளக்கு மின்னியது. ஒரு செக்கன் எரிந்து, ஒரு செக்கன் அணைந்தது. ஆயிரம் என்று இருந்த எண்ணை நூறு என்று மாற்றி அனுப்பினேன். விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த வீட்டில் வெகுகாலத்துக்குப் பிறகு நான் சொன்னபடி ஒரு பொருள் கேட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி செய்யலாம் என்ற யோசனை அன்றுதான் வந்தது. அப்பா விரலால் அமத்தினால் குசினியில் சத்தம் கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பெட்டியில் இருந்த பொத்தான்கள் அவருடைய விரல்களுக்கு இறுக்கமாக இருந்தன. பழுதாய்ப்போன கணினி மவுஸ் ஒன்றை ரீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்தார். அதை உடைத்து, உள்ளே இருந்த சின்னச் சுவிச்சைக் கழற்றினேன். மெல்லத் தொட்டாலே 'டிக்' என்னும். கைக்கடக்கமான ஒரு மரத்துண்டைச் செதுக்கி, அதில் சுவிச்சைப் பதித்து, அப்பாவின் நடுவிரலுக்குக் கீழே வைத்துப் பஞ்சால் அணைகொடுத்தேன். வயரைச் சுவரோடு இழுத்துக்கொண்டுபோய்க் குசினியில் ஒரு ஒலிப்பானைத் தொங்கவிட்டேன்.

மாட்டின உடனேயே மணி அடித்தது. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பிறகு கவனித்தால் அவருடைய விரல் சுவிச்சில் இல்லை. மணி தானாக அடித்துக்கொண்டிருந்தது. சுவிச்சுக்குப் போகும் வயர் எங்கேயும் உறுதியாகக் கட்டப்படாமல் அந்தரத்தில் இருந்தால், காற்றில் இருக்கிற மின்சாரச் சலசலப்பைக்கூட யாரோ அமத்தியதாகப் பலகை நினைத்துக்கொள்ளும் என்பதை வீடியோவில் தேடித்தான் அறிந்தோம். அந்த வயரைப் பலகையே உள்ளுக்குள் இழுத்துப் பிடித்து வைக்கும்படி புரோகிராமில் ஒரு சொல்லை மாற்றியதும் சரிவந்தது. என் அழுகை வீணாய்ப் போயிற்று. மறுநாள் அப்பா உண்மையாகவே அமத்தியபோது எனக்கு அழுகை வரவில்லை, "என்னப்பா?" என்றபடி ஓடினேன்.

அந்த மணியை நம்பி, ஒரு வாரத்துக்குப் பிறகு, அவிழ்த்துக்கொண்டு போன பசுவைத் தேடி வெட்டைக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஒலிப்பானை வேலியோரம் தொங்கவிட்டு, அவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். நேரே, வளைவில்லாமல், காற்று முகத்தில் அடிக்க நடந்தேன். கல்வேலிகள் முடிந்து வெறும் புல் தொடங்குகிற இடத்தில் நின்று, பசுவைக் கண்ட பிறகும் உடனே திரும்பாமல், கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

திரும்பி வந்தபோது அப்பா முழுக்க நனைந்திருந்தார். நடுவிரல் இன்னும் சுவிச்சை அமத்திக்கொண்டிருந்தது. விரல்நுனி கன்றிப்போயிருந்தது. மணி அடிக்கவே இல்லை. கரண்ட் நின்றாலும் அடிக்கட்டும் என்று அன்று காலைதான் பலகைக்கு மாட்டிய பவர்பாங் அணைந்து கிடந்தது. பலகை இழுக்கிற மின்சாரம் மிகவும் கொஞ்சம். அதனால் தன்னோடு எதுவுமே இணைக்கப்படவில்லை என்று நினைத்து பவர்பாங் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் சென்றது. அடிக்கடி ஒரு சின்ன மின்குமிழை எரியவைத்து, 'நான் இருக்கிறேன்' என்று பவர்பாங்குக்கு அறிவித்துக்கொண்டிருக்கும்படி புரோகிராமை மாற்றி எழுதினேன். அதன்பிறகு மணி ஒருபோதும் தவறவில்லை. ஆனால் நான் வெட்டைக்குப் போகவில்லை.

மணி தவறாமல் அடிப்பதில் ஒரு கஷ்டம் இருந்தது. அது ஒரு நாளைக்கு நாற்பது தடவைக்குமேல் அடித்தது. ஓடிப்போவேன். தண்ணீர் பருக்குவேன், திருப்பிப் படுக்கவைப்பேன், முதுகைத் தடவுவேன். குசினிக்கு வந்து சேருமுன் மறுபடி அடிக்கும். அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முன்பு அவர் கூப்பிட முடியாமல் கிடந்தார். இப்போது கூப்பிடலாம், சொல்லத்தான் முடியாது. ஒருநாள் சோற்றுப் பானையை இறக்கி நிலத்தில் 'டொங்' என்று வைத்துவிட்டு, "இதை ஏனடா செய்தன்" என்று என்னையே ஏசினேன்.

"அக்கா, இன்னொரு சுவிச் போடுவம்" என்றார் ரீச்சர். "ஓமுக்கு ஒண்டு, இல்லைக்கு ஒண்டு. நாங்கள் கேப்பம், அவர் அமத்தட்டும்."

மவுஸில் இரண்டாவது சுவிச்சும் இருந்தது. பெருவிரலுக்குக் கீழே அதை வைத்தோம். பெருவிரல் என்றால் பச்சை விளக்கு, ஓம். நடுவிரல் என்றால் சிவப்பு. இல்லை, வேண்டாம், ஏலாது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சிவப்புத்தான். இரண்டையும் சேர்த்து அமத்தினால் மணி அடிக்கும். இதில் இன்னொரு சிக்கல் வந்தது. சுவிச்சின் உள்ளே இருக்கும் தகடு ஒருதரம் தொடும்போதே மிக நுண்ணியதாகத் துள்ளித் துள்ளித் தொடுமாம். நாங்கள் ஒரு அமத்தல் என்று நினைப்பதைப் பலகை ஏழெட்டாக எண்ணிவிடும். விரல் தெரியாமல் பட்டால்கூட விளக்கு எரிந்துவிடும். ஆகவே அரைச் செக்கனுக்கு மேல் அமத்தினால் மட்டுமே பதிலாக எடுக்கும்படி எழுதினேன். அதுவரை எழுதியதில் அதுதான் என் சொந்தப் புத்தியில் எழுதியது.

முதல் நாள் கட்டிலின் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு கேட்டேன். தண்ணீரா? சிவப்பு. வயிற்றுக்குத்தா? சிவப்பு. குளிருதா? சிவப்பு. காற்றாடியைக் கூட்டவா? சிவப்பு. அண்ணையோடு கதைக்க வேணுமா? சிவப்பு. தலைமாட்டில் போன் பக்திப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. அப்பா விழுந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு காலையும் நான் போட்டுவிடுவது.

"பாட்டு... பாட்டை நிப்பாட்டட்டோ?"

பச்சை எரிந்தது. விரலை எடுக்கவே இல்லை.

பதினைந்து மாதங்கள்! ஒவ்வொரு நாளும், மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, அதே பாட்டுக்களை, அதே வரிசையில் போட்டிருந்தேன். ரீச்சர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினார். நான் பாட்டை நிறுத்தினேன். வெளியே மாடு கத்துவது கேட்டது. அன்று மணி ஒன்பது தடவைதான் அடித்தது.

அதன்பிறகு வந்த இரண்டு மாதங்கள் நன்றாக இருந்தன என்றே சொல்ல வேண்டும். எந்த மாட்டை விற்பது, எதை வைத்திருப்பது என்று அப்பா முடிவு சொன்னார். புளிக்கஞ்சி வேண்டாம் என்றார். தலைமயிரை ஒட்ட வெட்டச் சொன்னார். நான் ஈயத்தை உருக்கி வயர்களை ஒட்டும் ஈயப்பற்று வைக்கப் பழகினேன். விரல்களில் இரண்டு சூட்டுத் தழும்புகள் வந்தன. தேவையான சின்னச் சாமான்களை அண்ணையின் விலாசத்துக்கு வரவழைத்து, படகில் வருகிறவர்களிடம் கொடுத்து விடச் சொல்வேன். ரீச்சர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதே பெட்டியை வைத்துப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

அப்போதுதான் அந்த விளம்பரத்தை அவர் போனில் காட்டினார். பட்டினத்தில் ஆறு மாதப் படிப்பு. இலத்திரனியல் திருத்த வேலையும், மைக்ரோகொன்ட்ரோலரும். வயது நாற்பதுவரை எடுப்பார்கள். தங்க இடமும் உண்டு.

"நீங்கள் போகவேணும் அக்கா."

அண்ணையிடம் போனில் கேட்டேன். அவர் யோசிக்காமலே, "ஆறு மாதம்தானே, அப்பாவை நான் இஞ்சை கொண்டுவந்து வைச்சிருக்கிறன். அண்ணியும் ஓமெண்டுறா. நீ படி" என்றார். அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் நான் வேறொருத்தியாக நடமாடினேன். எந்தச் சீலைகளைக் கொண்டுபோவது, மாடுகளை யாரிடம் விடுவது என்று மனதுக்குள் அடுக்கிவிட்டேன். அப்பாவிடம் கேட்பதுதான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவருக்குக் கஞ்சி பருக்கி வாய் துடைத்தபின் கேட்டேன். ரீச்சரின் மடிக்கணினி பலகையோடு இணைந்திருந்தது. அமத்தும் நேரத்தை அளந்து சரிபார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்பா, நான் ஆறு மாதம் பட்டினத்திலை படிக்கப் போகட்டோ? நீங்கள் அண்ணை வீட்டை இருக்கலாம்."

சிவப்பு.

திரையில் ஒரு வரி விழுந்தது. 'இல்லை: நாலு செக்கன்.' வழக்கமாக அவர் ஒரு செக்கனுக்குமேல் அமத்துவதில்லை.

"சுவிச் துள்ளுது" என்றேன் ரீச்சரிடம். "விரல் இறுகிப்போய்க் கிடக்கு. உது பதில் இல்லை."

வயரைக் கழற்றினேன். மரத்துண்டை மேசைக்குக் கொண்டுவந்து, சுவிச்சைத் துடைத்து, திரும்ப ஈயம் வைத்து, என் விரலால் நூறு தடவை அமத்திப் பார்த்தேன். நூறு தடவையும் சரியாக எண்ணியது. புரோகிராமை வரி வரியாக வாசித்தேன். பிழை இல்லை. மறுநாளும் அதையே செய்தேன். திருத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு இரண்டு நாட்கள் அப்பாவின் கையிலிருந்து சுவிச்சைப் பிரித்து வைத்திருந்தேன். அவருடைய இரண்டு விரல்களும் படுக்கை விரிப்பில் அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போனேன். செய்கிற வேலைகள் எல்லாம் செய்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் ரீச்சர் வந்து மேசைக்கு எதிரே நின்றார்.

"அக்கா, சுவிச் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்."

"பேந்தேன் கழட்டி வைச்சிருக்கிறீங்கள்?"

எழும்பிப் போய் மரத்துண்டை அப்பாவின் கைக்குக் கீழே வைத்து, வயரை மாட்டினேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"என்னிலை கோபமோ?" என்றேன். பச்சை.

"நான் படிக்கிறது விருப்பமில்லையோ?" சிவப்பு.

அந்தச் சிவப்பு எனக்குப் புதிதாக இருந்தது. விருப்பமில்லாமல் இல்லை. அப்படியென்றால்?

"நான் இல்லாட்டி அண்ணியாக்கள் வடிவாய்ப் பாக்கமாட்டினம் எண்டோ?" சிவப்பு.

"இந்த வீட்டைவிட்டுப் போக ஏலாதெண்டோ?" பச்சை.

"அங்கை போனால்... அங்கையே செத்துப்போவியள் எண்டு பயமோ?"

பச்சை. அரைச் செக்கன் போதும் என்று நான் எழுதியிருந்தேன். அவர் அமத்திக்கொண்டே இருந்தார்.

அப்பாமீது இருந்த கோபம் அதோடு போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அவருடைய பயம் விளங்கியது. ஆனால் விளங்கியதால் கதவு திறந்துவிடவில்லை. அவருடைய 'இல்லை'யில் நான் இருக்கவே இல்லை என்பதுதான் இன்னும் உறைத்தது. அவர் என்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அவர் இந்த வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் அவருடைய கட்டிலோடு கட்டப்பட்டிருந்தேன். அண்ணையிடம் போனில், "அப்பாக்கு விருப்பமில்லை, விடுங்கோ" என்றேன். படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாள் கடந்து போயிற்று.

வருட முடிவில் ரீச்சருக்கு இடமாற்றம் வந்தது. நான் இறங்குதுறைவரை போகவில்லை. அவ்வளவு தூரம் போக நேரமில்லை. கல்வேலியோரம் நின்று பார்த்தேன். ஓட்டோவில் ஏறுமுன் அவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

"கலண்டரை விட்டுட்டுப் போறன் அக்கா."

"கொண்டுபோம்" என்றேன். "எனக்கு வெட்டுறதுக்கு நாள் ஒண்டும் இல்லை." சொன்ன பிறகு அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணைக்கு இந்த விஷயம் முழுவதையும் சொன்னது ரீச்சர்தான். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணை கையில் ஒரு பையோடு வந்து இறங்கினார்.

"அப்பா அங்கை வரவேண்டாம். நான் இஞ்சை வாறன். மாதத்திலை ரெண்டு நாள் நீ போ."

"எங்கை போறது?"

"எங்கையாவது போ."

ரீச்சர் இடம் தேடி வைத்திருந்தார். பட்டினத்தில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இப்படிச் சாமான்கள் செய்கிறவர்கள் கூடுவார்கள். பெரும்பாலும் பல்கலைக்கழகப் பொடியள், வேலைக்குப் போகிற சில ஆண்கள், இரண்டு பெண்கள். ஒருவர் மழைமானி செய்திருந்தார், ஒருவர் கோழிக்கூட்டுக் கதவைத் தானாகத் திறக்கவைத்திருந்தார். நான் புதிதாகச் செய்த இன்னொரு மரத்துண்டை மேசையில் வைத்தேன். யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. "துள்ளலை எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். "பவர்பாங் நிண்டுபோகாதோ?" என்று இன்னொருவர் கேட்டார். அதையும் சொன்னேன். அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். தன் கோழிக்கூட்டிலும் அதே கரைச்சலாம். இரண்டு மணித்தியாலம் நான் யாருடைய மகளாகவும் இல்லாமல், விஷயம் தெரிந்த ஒரு ஆளாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். காற்று எழும்பிவிட்டது. தீவுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவானில் படகு இல்லை என்றார்கள். திங்களும் இல்லை, செவ்வாயும் இல்லை. அண்ணை வீட்டில் அண்ணி என்னை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. ஒவ்வொரு காலையும் மணி அடித்ததென்று நினைத்துத் திடுக்கிட்டு எழும்புவேன். எழும்பினால் அது வெறும் சந்தை இரைச்சல். வெளியே போய் எவ்வளவு தூரமும் நடக்கலாம். நடந்தேன். தீவில் அடைபட்டுக் கிடந்ததைவிட, இங்கே அதற்குள் போக முடியாமல் நிற்பது வேறுவிதமாக நெஞ்சை அடைத்தது. அதேநேரம், படகு இல்லை என்று ஒவ்வொரு காலையும் கேட்டபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததையும் மறைக்க முடியாது.

செவ்வாய் மத்தியானம் அண்ணை போன் எடுத்தார்.

"மணியை அடிச்சுக்கொண்டே இருக்கிறார். நான் எல்லாம் கேட்டுப் பாத்திட்டன். எல்லாத்துக்கும் சிவப்பு."

"போனைக் காதுக்குக் கிட்டப் பிடியுங்கோ" என்றேன். பிடித்தார். "அப்பா, நான்தான். நான் வரவேணுமோ?"

பிறகு அண்ணையின் குரல் கேட்டது.

"சிவப்பு. வேண்டாமாம். நீ ஆறுதலாய் வா."

அன்று பின்னேரம் நான் அண்ணியோடும் பிள்ளைகளோடும் ஐஸ்கிறீம் குடிக்கப் போனேன். வெள்ளிக்கிழமை கடல் தணிந்து படகு ஓடியது. அண்ணை வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதால், பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவோடு இருத்திவிட்டு, தன் பையோடு இறங்குதுறையில் நின்றார். நான் இறங்க, அவர் அதே படகில் ஏற வேண்டும். ஆட்கள் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உன்னட்டை ஒண்டு சொல்லவேணும்" என்றார். "அண்டைக்கு நான் பொய் சொன்னனான். பச்சைதான் எரிஞ்சது."

நான் பையை நிலத்தில் வைத்தேன்.

"லோஞ்ச் ஓடாத கடலிலை பச்சை எண்டு சொல்லி என்ன பிரயோசனம்? நீ அங்கை இருந்து துடிச்சிருப்பாய்." சற்றுப் பொறுத்து, "ஒரு கிழமை பாத்ததுக்கே எனக்கு விசர் பிடிச்சிட்டுது. நீ ரெண்டு வருஷம்..." என்றவர் முடிக்காமல் படகில் ஏறிவிட்டார்.

வீட்டுக்குப் போனேன். அப்பா என்னைப் பார்த்தார். இரண்டு விரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டார். அந்த நாள் முழுவதும் எதைக் கேட்டாலும் ஒரு விளக்கும் எரியவில்லை. நான் பிழை செய்தவளைப் போல நடமாடினேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் கோபம் வந்தது, கோபத்தோடேயே அவருக்கு முகம் வழித்துவிட்டேன். அடுத்த நாள் காலை மணி அடித்தது. தண்ணீர் கேட்டார்.

அடுத்த மாதம் அண்ணை வருவாரோ என்று சந்தேகமாக இருந்தது. வந்தார். அன்று காலை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னேன்:

"அப்பா, நான் இண்டைக்குப் போறன். லோஞ்ச் ஓடினால் ஞாயிறு வருவன். ஓடாட்டி ஓடுற நாள் வருவன்."

சிவப்பு எரிந்தது.

"நான் கேக்கேல்லை அப்பா" என்றேன். "சொல்லுறன்."

சிவப்பு அணைய நேரமெடுத்தது. நான் அதுவரை இருந்தேன். பிறகு அவருடைய சாரங்களைத் தோய்த்துக் காயப்போட்டேன், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன், அண்ணையிடம் கஞ்சி எப்படிப் பருக்குவது என்று மறுபடி காட்டிக்கொடுத்தேன். பையை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்கு நடந்தேன். காற்று கொஞ்சம் இருந்தது. படகு ஓடியது.

இப்போதும் அப்படித்தான் போகிறது. சில மாதங்களில் போக முடிகிறது, சில மாதங்களில் அண்ணையால் வர ஏலவில்லை, சில மாதங்களில் கடல் விடுவதில்லை. போகாத மாதங்களில் அந்தச் சனிக்கிழமை காலையிலேயே எனக்கு ஆத்திரம் தொடங்கிவிடும். அப்பாவும் அதைத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு என்னை அதிகம் கூப்பிடமாட்டார்.